வெள்ளித்திரை ஒற்றரின் உடையும் கருவியும்

சென்ற ஆண்டு விழாவின்போது நம் சங்கச் சிறுவர் சிறுமியர்க்கு மாறுவேடப் போட்டி ஒன்று நடைபெற்றதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரதியார் இருவர், ஔவையார் மூவர், கட்டபொம்மன் ஒருவர் என மேடையேறி இறங்கிய பின்னர், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து நின்றான். முழங்காலுக்குக் கீழே தொங்கிய பழைய கம்பளிக் கோட்டு. காது வரை தூக்கிவிடப்பட்ட கழுத்துப்பட்டி. முகத்தில் பாதியை மறைத்த கறுப்புக் கண்ணாடி. கையில் சிறியதொரு பெட்டி. அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவையில் பாதிப் பேர் "ஜேம்ஸ்பாண்டு! ஜேம்ஸ்பாண்டு!" என்று கூவிவிட்டனர்.

நடுவராக அமர்ந்திருந்த முதியவர், "யாரப்பா நீ?" என்று கேட்டார்.

"நான் ஒற்றன், தாத்தா" என்றான் சிறுவன்.

"பார்த்தவுடனே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே! அப்புறம் நீ எப்படி ஒற்றன் ஆவாய்?" என்றார் அவர். அவை சிரித்தது. சிறுவனுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது, விடை கிடைக்கவில்லை.

வேடிக்கையாகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. மறைந்து திரிய வேண்டியவனுக்கு, உலகமே கண்டவுடன் அறிந்துகொள்ளும் ஒரு கோலம் எப்படி வாய்த்தது? எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எவர் கையால் அது உருவாயிற்று? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் கவர்ச்சி ஏன் குறையவில்லை? நான் அறிந்த அளவில் இவற்றிற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒற்றுக்குரிய இலக்கணம்

ஒற்றனுக்கு உடை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் ஆராயாமல் விட்டாரல்லர். திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். காண்பவர்க்கு ஐயம் தோன்றாத உருவமும், எவர் உறுத்து நோக்கினும் அஞ்சாத நெஞ்சும், அறிந்ததை வெளியிடாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. துறவியர் கோலத்தில் ஒற்றர் செல்வதையும் அவர் சுட்டுகிறார். கௌடலியரின் அர்த்தசாஸ்திரமோ மாணாக்கன், துறவி, இல்லறத்தான், வணிகன் முதலிய கோலங்களில் ஒற்றரை அமர்த்தும் முறையை விரித்துரைக்கிறது.

இவ்விரு நூல்களும் வற்புறுத்தும் உண்மை ஒன்றே. ஒற்றனுடைய உடை கூட்டத்தில் கரைந்துபோகும் உடையாக இருத்தல் வேண்டும். திரைப்பட ஒற்றனோ இதற்கு நேர்மாறானவன். அவன் ஒரு கூடத்துள் நுழைந்தால் அங்குள்ள கண்களெல்லாம் அவன்பால் திரும்புகின்றன. மெய்யான ஒற்றனுக்கு எது குற்றமோ அதுவே திரை ஒற்றனுக்கு அணியாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இனிக் காண்போம்.

போர்க்களம் தந்த கோட்டு

ஒற்றன் என்றவுடன் மேனாட்டார் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது இடுப்பில் வார் கட்டிய நீண்ட மழைக்கோட்டு ஆகும். அதனை டிரெஞ்ச் கோட்டு என்பர். பதுங்குகுழிக் கோட்டு என்பது அப்பெயரின் பொருள். ஒற்றருக்காக அது தைக்கப்படவில்லை. இங்கிலாந்தில் துணி வணிகராக இருந்த தாமஸ் பர்பெரி என்பவர் 1879-ஆம் ஆண்டில் கபர்டீன் என்னும் நெருக்கமான நெசவுத் துணியை ஆக்கினார். நூலுக்கே நீர் புகாப் பக்குவம் செய்து நெய்யப்பட்ட துணி அது. அதற்கு முன்பு மழைக்கு அணியப்பட்ட ரப்பர் பூசிய கோட்டுகள் கனமானவை; உள்ளே வியர்வை பெருகும். புதிய துணி இலேசானது. மழையைத் தடுத்துக் காற்றை விட்டது.

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. பிரான்சு நாட்டுச் சேற்றுப் பள்ளங்களில் மாதக்கணக்காகக் கிடக்க வேண்டியிருந்த ஆங்கிலப் படைத்தலைவர்கள், தம் உடைகளைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். அவர்களுக்காகவே இக்கோட்டு வடிவம் பெற்றது. தோளின்மேல் உள்ள பட்டி, பதவிச் சின்னம் பொருத்துவதற்கு. முதுகில் தொங்கும் மேல்மடிப்பு, மழைநீர் வழிந்தோடுவதற்கு. இடுப்பு வாரில் உள்ள உலோக வளையங்கள், கருவிகளைத் தொங்கவிடுவதற்கு. இன்று அழகென்று நாம் எண்ணும் ஒவ்வோர் உறுப்பும் அன்று உயிர் காக்கும் தேவையிலிருந்து பிறந்ததாகும்.

போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அக்கோட்டை எறிந்துவிடவில்லை; தெருவிலும் அணிந்தனர். பத்திரிகை நிருபர், துப்பறிவோர், இரவில் அலைவோர் எனப் பலரும் அணிந்தனர். பின்னர்த் திரைப்படம் அதனை ஏற்றுக்கொண்டது. 1942-ஆம் ஆண்டில் வெளிவந்த காசாபிளாங்கா என்னும் படத்தின் இறுதிக் காட்சியில், பனிமூடிய விமான நிலையத்தில் ஹம்ப்ரி போகார்ட் இக்கோட்டணிந்து நிற்பார். அவர் ஏற்ற பாத்திரம் ஒற்றனும் அன்று. விடுதி ஒன்றின் உரிமையாளனே. ஆயினும், மனத்திலுள்ளதை மறைத்துக்கொண்டு தனித்து நிற்கும் மனிதனுக்கு உரிய உடை இதுவே என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியது.

மெய்யான ஒற்றரின் தையற்கூடம்

திரையில் இவ்வாறு கோலம் உருவாகி வந்த அதே ஆண்டுகளில், மெய்யான ஒற்றர்க்கு உடை தைத்த கூடங்களும் லண்டன் மாநகரில் இருந்தன. 1940-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பகைவர் பிடித்த நாடுகளுக்குள் மறைவாக ஆள் அனுப்புவதற்கென்று ஆங்கில அரசு தனி அமைப்பொன்றை நிறுவியது. பிரான்சுக்குச் செல்பவர் பிரெஞ்சுத் தையல் உடை அணிய வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்திருந்த தையற்காரர்கள் அவ்வுடைகளைத் தைத்தனர். பொத்தானுக்கு நூல் கோக்கும் முறையிலும் ஆங்கில நாட்டு வழக்கம் தலைகாட்டாதபடி பார்த்துக்கொண்டனர். புதுத்துணி ஐயம் தரும் என்பதால் உடைகளைப் பழசாக்கி அனுப்பினர். ஒரு பொத்தானின் தையல் ஒருவர் உயிரைப் போக்கவும் காக்கவும் கூடியதாக இருந்தது.

அவ்வாறு சென்றவருள் ஒருவரை இந்தியராகிய நாம் சிறப்பாக நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். அவர் நூர் இனாயத் கான் அம்மையார். மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் வழித்தோன்றல். பரோடாவில் பிறந்த சூபி இசைஞர் இனாயத் கானின் மகள். 1914-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பிறந்தவர். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். 1943 ஜூன் மாதத்தில் அவர் பிரான்சில் இறக்கப்பட்டார். கம்பியில்லாத் தந்தி அனுப்புவதே அவர் பணி. அக்காலத்து மறைவொற்றர் சுமந்த தந்திக் கருவி, சாதாரணப் பயணப் பெட்டிக்குள் அடக்கப்பட்டு, ஏறத்தாழ 15 கிலோ எடை கொண்டதாக இருந்தது. அப்பெட்டியைக் கையில் எடுத்துச் செல்லும்போது அதன் கனம் வெளியே தெரியாதபடி நடக்க வேண்டும். பாரிசில் ஒரு தந்தியாளர் ஆறு வாரம் பிழைத்திருந்தாலே பெரிது என்று கருதப்பட்ட காலம் அது. தோழர் பலர் பிடிபட்ட பிறகும் நூர் இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1944 செப்டம்பர் 13-ஆம் நாள் டாக்காவு முகாமில் கொல்லப்பட்டார். 1949-இல் ஜார்ஜ் கிராஸ் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

கருவிகள் செய்வோரும் அக்காலத்தில் இருந்தனர். சார்லஸ் பிரேசர் ஸ்மித் என்பவர் துணி வழங்கும் அலுவலர் என்ற பெயரில் அமர்ந்துகொண்டு, புகைக்குழாய்க்குள் நிலப்படம், பொத்தானுக்குள் திசைகாட்டி என்றவாறு பலவற்றை ஆக்கினார். அப்பொத்தானின் திருகை வழக்கத்திற்கு மாறான பக்கம் சுழற்றினால்தான் திறக்கும். ஐயுற்றவன் வழக்கம்போலத் திருகினால் அது மேலும் இறுகிக்கொள்ளும். வானூர்தி ஓட்டுநர்க்கென்று செய்யப்பட்ட ஒருவகைக் காலணியின் மேற்பகுதியை, அதனுள் மறைத்த சிறு கத்தியால் அறுத்தெடுத்தால், எஞ்சுவது ஊரார் அணியும் எளிய செருப்புப் போன்ற பாதணியாகும். பகைவர் நாட்டில் விழுந்தவர் அதனை அணிந்து நடந்து தப்பலாம்.

இவ்வுலகத்தை அருகிருந்து கண்டவர்களுள் ஒருவர் இயான் பிளெமிங். போர்க்காலத்தில் கடற்படை ஒற்றுத்துறைத் தலைவருக்கு உதவியாளராக இருந்த அவர், 1953-இல் காசினோ ராயல் என்னும் நாவலை வெளியிட்டார். ஜேம்ஸ்பாண்டு பிறந்தது அந்நூலில்தான்.

பால்வண்டி தள்ளியவர்க்கு வாய்த்த உடை

1962-ஆம் ஆண்டு அக்டோபரில் டாக்டர் நோ என்னும் படம் லண்டனில் வெளியாயிற்று. பாண்டாக நடித்தவர் ஷான் கானரி. அவர் செல்வக் குடியில் பிறந்தவர் அல்லர். எடின்பரோ நகரின் தொழிலாளர் குடியில் பிறந்து, இளமையில் வீடு வீடாகப் பால் கொடுத்தவர். படத்தை இயக்கிய டெரன்ஸ் யங் அவரைத் தம்முடைய சொந்தத் தையற்காரராகிய அந்தோணி சின்கிளேர் என்பவரிடம் அழைத்துச் சென்றார். சட்டைக்குத் தம் சட்டைக்காரரிடமே அளவு கொடுக்கச் செய்தார். உடையைப் பிறருடையதுபோல் உணராதிருக்க, அதை அணிந்தபடியே உறங்கி எழுமாறு கானரிக்குக் கூறப்பட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது.

அந்த உடையில் பகட்டில்லை. சாம்பல், கருநீலம் ஆகிய அடக்கமான நிறங்கள், பொடிந்த தோள், இடுப்பில் சற்றே ஒடுங்கிய வெட்டு, அலங்காரமற்ற ஒருநிறக் கழுத்துப்பட்டை. படம் ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டது. அக்கால அமெரிக்கப் பெரும்படங்களை நோக்க இது சிறு தொகையே. ஆயினும் உடையில் சிக்கனம் செய்யவில்லை. பால் கொடுத்துத் திரிந்த இளைஞர், எந்த மாளிகைக்குள்ளும் தலை நிமிர்ந்து நுழையும் மனிதராகத் திரையில் தோன்றினார். போருக்குப் பிந்திய பஞ்சத்தையும் பங்கீட்டு அட்டையையும் கண்டு சலித்திருந்த ஆங்கில மக்களுக்கு அக்காட்சி பெரும் ஆறுதலாக இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இதற்கு மறுமொழி போல 1965-இல் இப்கிரஸ் ஃபைல் என்னும் படம் வந்தது. பாண்டு படங்களின் தயாரிப்பாளர் இருவருள் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மனே இதனையும் எடுத்தார். ஒற்றனாக நடித்த மைக்கேல் கெய்ன் மீன் சந்தைச் சுமைகூலி ஒருவரின் மகன். அவர் கனத்த சட்டமிட்ட மூக்குக்கண்ணாடியும் எளிய மழைக்கோட்டும் அணிந்து, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கித் தாமே சமைக்கும் ஒற்றனாக வந்தார். அழகுக் குறை என்று அதுகாறும் கருதப்பட்ட மூக்குக்கண்ணாடியை அணிவது அப்படத்தால் நாகரிகமாயிற்று. மாத ஊதியக்காரனும் ஒற்றனாகத் தோன்றலாம் என்பதை அது காட்டியது.

பெட்டி, கார், கடிகாரம்

உடையை அடுத்துக் கருவிகளைக் காண்போம். 1956-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி பூத்ராய்டு என்னும் துப்பாக்கி வல்லுநர் பிளெமிங்குக்கு ஒரு மடல் எழுதினார். பாண்டு வைத்திருக்கும் சிறு துப்பாக்கி மகளிர் கைப்பைக்கே ஏற்றது என்பது அவர் குறை. பிளெமிங் சினம் கொள்ளவில்லை. அடுத்த கதையில் பாண்டுக்கு வால்தர் பிபிகே என்னும் துப்பாக்கியைக் கொடுத்தார். அதனை வழங்கும் பாத்திரத்துக்கு மேஜர் பூத்ராய்டு என்று அவ்வாசகர் பெயரையே சூட்டினார். வாசகர் கருத்தை எழுத்தாளர் மதித்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இத்துப்பாக்கியைப் பற்றி இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. 1963-ஆம் ஆண்டுப் படத்துக்கு விளம்பரப் படம் எடுக்கும்போது உரிய துப்பாக்கி கைவசம் இல்லை. புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தம்மிடமிருந்த விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியைக் கானரியின் கையில் கொடுத்துப் படமெடுத்தார். உலகெங்கும் சுவரொட்டிகளில் காட்சியளித்தது அதுவே. 2010-ஆம் ஆண்டில் லண்டன் ஏலத்தில் அக்காற்றுத் துப்பாக்கி இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று!

அதே 1963-ஆம் ஆண்டுப் படமாகிய ஃப்ரம் ரஷ்யா வித் லவ்வில்தான் புகழ்பெற்ற கறுப்புத் தோற்பெட்டி வந்தது. அதனுள் மடக்குத் துப்பாக்கி, எறிகத்தி, 50 தங்கப் பவுன்கள், முகப்பூச்சு மாவு டப்பா வடிவில் கண்ணீர்ப்புகைக் குண்டு ஆகியவை இருந்தன. நூர் போன்றோர் தூக்கி நடந்த 15 கிலோ பெட்டியையும் இதனையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் நன்று. முன்னதில் இருந்தது ஒரு தந்திக்கருவியும் மரண ஓலையும். பின்னதில் இருந்தது தங்கம்.

1964-இல் கோல்ட்ஃபிங்கர் படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி-5 என்னும் வெள்ளிநிறக் கார் தோன்றியது. எண்பலகை தானே சுழலும். குண்டு துளைக்காத தகடு பின்னே எழும். வேண்டாதவரைக் கூரை வழியே தூக்கியெறியும் இருக்கையும் உண்டு. இக்காரின் அற்புதங்களை வடிவமைத்தவருள் தலையானவர் கென் ஆடம். அவர் பெர்லின் நகரில் பிறந்த யூதர்; ஹிட்லர் ஆட்சியில் குடும்பத்தோடு ஊர்விட்டு இங்கிலாந்து வந்து, போரில் ஆங்கில வானப்படையில் விமானம் ஓட்டியவர். எவ்வளவு பெரிய கனவுக்கும் அடியில் ஓர் அகதியின் உழைப்பு இருக்கக் கூடும் என்பதை இங்கே காண்கிறோம்.

1965-இல் கார்கி நிறுவனம் அக்காரைப் பொம்மையாக விற்றது. வெள்ளிநிறம் பூசினால் பூச்சே இல்லாத வெறும் உலோகம் போல் தோன்றும் என்று எண்ணிப் பொன்னிறம் பூசினர். கூரை வழியே ஆளைத் தூக்கியெறியும் அச்சிறு காரைக் குழந்தைகள் விரும்பினர், லட்சக்கணக்கில் விற்றது. 2020-ஆம் ஆண்டில் அந்நிறுவனமாகிய ஆஸ்டன் மார்ட்டினே படத்தில் உள்ளவாறு 25 கார்களைப் புதிதாகச் செய்து, வரி நீங்கலாக ஒவ்வொன்றும் 27½ லட்சம் பவுண்டு என விலை கூறிற்று. அவற்றைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. ஓட்ட முடியாத காருக்கு இத்தனை விலை கொடுப்பவர், தம் இளமைக்காலப் பொம்மையையே மீண்டும் வாங்குகிறார் என்றுதான் கூற வேண்டும்.

காமிராவின் கதை சற்றே வேறுபட்டது. மினாக்ஸ் என்னும் சிறு காமிராவை ஆக்கிய வால்டர் ஸாப், பால்டிக் கடற்கரையிலுள்ள ரிகா நகரில் 1905-இல் பிறந்தவர். எல்லோர் சட்டைப்பையிலும் எந்நேரமும் இருக்கத்தக்க காமிரா வேண்டும் என்பதே அவர் விழைவு. 1938-இல் ரிகாவில் அது செய்யப்படலாயிற்று. படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 8-க்கு 11 மில்லிமீட்டர். ஸாப் ஒற்றரை நினைத்து அதைச் செய்யவில்லை. ஒற்றர்களே அதைத் தேடி வந்தனர். திரைப்படமும் அதனைப் பற்றிக்கொண்டது. 97 வயது வரை வாழ்ந்து 2003-இல் மறைந்த அவர், ஒவ்வொருவர் பையிலும் ஒரு காமிரா என்ற தம் கனவைக் கைப்பேசி நிறைவேற்றத் தொடங்கிய காலத்தைக் கண்ணாரக் கண்டார்.

மகளிர் கோலம்

திரையில் முதலில் பெரும்புகழ் பெற்ற ஒற்றுக் கோலம் பெண்ணுடையதே எனலாம். முதல் உலகப்போரில் ஒற்று வேலை செய்தாளென்று பிரெஞ்சு அரசு 1917 அக்டோபரில் சுட்டுக்கொன்ற மாதாஹரி, டச்சு நாட்டில் பிறந்தவள். தென்னிந்தியக் கோயிலில் வளர்ந்த நடனப்பெண் எனத் தன்னைப் பற்றிக் கதை கட்டி ஐரோப்பிய அரங்குகளில் ஆடியவள். அவள் காட்டிய நடனத்துக்கும் நம் கோயில்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1931-இல் கிரேட்டா கார்போ அவளாக நடித்தபோது, ஏட்ரியன் என்னும் வடிவமைப்பாளர் பளபளக்கும் மணியுடைகளையும் தலையணிகளையும் அமைத்தார். பொய்யான கீழ்த்திசை ஒன்று இவ்வாறு நாகரிகமாயிற்று.

1960-களில் இந்நிலை மாறியது. அவெஞ்சர்ஸ் என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில், வட்டத்தொப்பியும் குடையும் தாங்கிய ஆடவர் ஸ்டீடுக்கு இணையாக டயானா ரிக் வந்தார். ஓடவும் தாவவும் ஏற்ற இறுக்கமான நேருடை அவருடையது; ஆடவரைத் தாமே எதிர்த்து வீழ்த்தினார். அவருடைய இளமையின் முதற்பகுதி நம் பிகானேரில் கழிந்தது. அவர் தந்தையார் அங்கு ரயில்வேப் பணியில் இருந்தார். அணங்காக நின்ற பெண் செயலாற்றும் பெண்ணாக மாறியதற்கு அவ்வுடை ஓர் அடையாளமாயிற்று.

மூடிய கழுத்துக்கோட்டு

இனி, நம்மவர் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றைக் கூறுகிறேன். டாக்டர் நோ படத்தில் கதாநாயகன் பெரும்பாலும் திறந்த கழுத்துக்கோட்டு அணிகிறான். கொடியவனோ கழுத்து வரை பொத்தானிட்ட மூடுகோட்டு அணிகிறான். 1967-ஆம் ஆண்டுப் பாண்டு படத்தில் வரும் கொடியவனும் அத்தகைய கோட்டே அணிந்தான். பின்னர் எள்ளல் படங்களிலும் பொம்மைப் படங்களிலும் உலகை அழிக்கத் திட்டமிடுபவனுக்கு அதுவே சீருடையாகிவிட்டது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டில் அக்கோட்டின் நிலை என்ன? பிரதமர் நேரு அணிந்தது மூடிய கழுத்து ஆடை. டில்லி அலுவலகங்களிலும் அரசு விருந்துகளிலும் அது மதிப்புக்குரிய உடை. நம் தந்தையர் பலர் பதவி உயர்வு பெற்ற நாளில் அதனைத் தைத்துக்கொண்டனர். மேனாட்டிலும் 1960-களின் பிற்பகுதியில் நேரு கோட்டு என்ற பெயரால் இளைஞரிடையே சிறிது காலம் பரவியது. ஒரே கோட்டு, ஓரிடத்தில் பெருமை, ஓரிடத்தில் விளையாட்டு, ஓரிடத்தில் கொடுமையின் அடையாளம்! ஆசிய நாட்டவரைப் பற்றி அவர்கள் உள்ளத்தில் இருந்த அச்சமே கொடியவனின் கழுத்துப்பட்டியாக வெளிப்பட்டது. திரையைக் கண்டு மகிழும்போதும் இதனை நம் குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.

நம் நாட்டுத் திரையில்

பாண்டு அலை நம் நாட்டையும் தொட்டது. 1966-இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த கூடசாரி 116 வந்தது. அதுவே 1967-இல் இந்தியில் ஜிதேந்திரா நடித்த ஃபர்ஸ் ஆயிற்று. தமிழில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் வல்லவன் ஒருவன் படத்தை வெளியிட்டது. அதில் நடித்த ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்றே மக்கள் அழைக்கலாயினர். 1968-இல் பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ரகசிய போலீஸ் 115 வந்தது. 1986-இல் கமல்ஹாசன் நடிக்க, எழுத்தாளர் சுஜாதா கதை எழுதிய விக்ரம் வெளியாயிற்று. கொளுத்தும் வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து ஓடிய நம் நாயகர்களைக் கண்டு, ஊர்க் கொட்டகைகளில் துண்டு விசிறிக்கொண்டிருந்த மக்கள் கைதட்டினர். வெயிலுக்கு ஒவ்வாது என்று ஒருவரும் குறை கூறவில்லை.

1983-இல் பாண்டே இந்தியா வந்தார். உதயப்பூரில் எடுக்கப்பட்ட ஆக்டோபசி படத்தில் ரோஜர் மூருக்குத் துணையாக வந்தவர் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். ஆட்டோரிக்‌ஷாத் துரத்தலில் அவர் பகைவரை அடித்தது துப்பாக்கியால் அன்று; டென்னிஸ் மட்டையால்!

நிலைத்தது எது?

அறுபது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. வியப்பூட்டுவதற்கென்றே காட்டப்பட்ட கருவிகள் விரைவில் மங்கின. 1973-ஆம் ஆண்டுப் படத்தில் பாண்டு, சிவந்த எண்கள் ஒளிரும் மின்கடிகாரம் கட்டியிருந்தார். அவ்வகைக் கடிகாரம் 1972-இல் முதலில் விற்பனைக்கு வந்தபோது தங்கக் கூட்டோடு 2,100 டாலர். சில ஆண்டுகளில் எண் கடிகாரம் பள்ளிச் சிறுவர் கைக்கு வந்துவிட்டது. 1964-ஆம் ஆண்டுக் காரில் வழிகாட்டும் படத்திரையைக் கண்டு வாய் பிளந்தோம்; இன்று காய்கறி வாங்கச் செல்பவர் கையிலும் அது உள்ளது.

ஆனால், முதற்படத்தில் அவர் கட்டிய ரோலக்ஸ் சப்மரைனர் கடிகாரத்தின் வடிவம் இன்றும் பெரிதும் மாறவில்லை. அது 1950-களில் கடலில் மூழ்குவோர்க்காகச் செய்யப்பட்டது. இருளிலும் தெரியும் எண்குறிகள், நேரம் கணக்கிடச் சுழலும் வளையம் ஆகியவை தேவைக்காக அமைந்தவை. கோல்ட்ஃபிங்கரில் அதற்குப் பொருந்தாத குறுகிய கோடிட்ட நாடா ஒன்றைக் கட்டியிருந்தார். அந்நாடாவும் இன்று எளிய விலைக்குக் கடைகளில் பாண்டு பெயரால் விற்கிறது. மழைக்கோட்டும், மினாக்ஸும், அடக்கமான சாம்பல்நிற சூட்டும் இவ்வாறே. மெய்யான தேவைக்குச் செய்யப்பட்டவை நிலைத்தன. தேவையில் பிறந்த பொருளின் அழகைத் திரை நமக்கு எடுத்துக்காட்டியது. அந்த அளவுக்கு அதற்கு நன்றி உரித்து.

மனிதர் உள்ளத்தில் அக்கோலம் நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவர் அந்தச் சிறுவனின் தாத்தா.

சிறுவன் அணிந்திருந்த கோட்டு அவருடையது. விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் அதன் வரலாற்றைக் கேட்டேன். 1968-ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், தஞ்சை மாவட்டத்திலிருந்து குமாஸ்தா வேலைக்காக அவர் டில்லி வந்தார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கும்போது அவரிடம் இருந்தவை இரண்டு பருத்திச் சட்டை, நான்கு வேட்டி, ஒரு தகரப்பெட்டி. முதற் குளிர்காலத்தில் உடன் தங்கியிருந்தவர்களிடம் கடன் வாங்கி இக்கோட்டைத் தைத்தார். கடனை அடைக்க ஐந்து மாதமாயிற்றாம்.

"முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். வாசலில் இருந்தவன் எழுந்து நின்றான். நேற்று வரை என்னை யாரென்று கேட்டவன் அவன். எனக்கு உள்ளுக்குள் ஒரே நடுக்கம், ஐயா. இந்தி தெரியாது, இங்கிலீஷும் தட்டுத்தடுமாறித்தான். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்றே இருந்தது. கோட்டுக்குள்ளே நான் ஓர் ஒற்றன் மாதிரிதான் நடந்தேன்" என்று கூறிச் சிரித்தார்.

இதனைக் கேட்டபோது பால்வண்டி தள்ளிய எடின்பரோ இளைஞர் என் நினைவுக்கு வந்தார். அயலார் நடுவே அறிமுகமின்றி நுழைய வேண்டியவர், 'நானும் இங்கே இருக்கத் தகுந்தவன்' என்ற துணிவை முதலில் ஓர் உடையிடமிருந்து கடனாகப் பெறுகிறார். வேற்றூரில் வாழ வந்த குடும்பத்தார்க்கு இது புதிய செய்தியன்று. நம் இல்லங்களில் மரப்பெட்டியின் அடியில் அந்துருண்டையோடு கிடக்கும் ஒவ்வொரு பழைய கோட்டிலும் இக்கதை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உடை தருவது முதல் நாளைக்கு வேண்டிய துணிவு மட்டுமே; அதற்கப்பால் அம்முதியவரைப் போன்றோர் முப்பத்தெட்டு ஆண்டு உழைத்து ஈட்டிய நற்பெயரை எந்தத் தையற்காரரும் தைத்துத் தர இயலாது.

நடுவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். சிறுவன் காட்டியது ஒற்றனின் உடையன்று. ஒற்றனைப் பற்றி உலகம் கண்ட கனவின் உடை. மெய்யான ஒற்றுடை அணிந்தவரை நாம் காணவே முடியாது. அவருள் ஒருவராகிய நூர் அம்மையாரின் பெயரையேனும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வாண்டு மாறுவேடப் போட்டியில், கையில் பழைய பயணப்பெட்டி ஒன்றைச் சுமந்து, அதன் கனம் தெரியாதபடி நிமிர்ந்து நடக்கும் ஒரு சிறுமி மேடையேறுவாளாயின், அவளை யாரென்று அவை உடனே அறியாது. நடுவர்கள் பொறுமையோடு கேட்டு, அவள் கூறும் விடையை முழுதும் செவிமடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.